அடியில் கிடந்த சர்க்கரைப் பனி

கொலராடோவின் மலையூர் ஒன்றில் முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்துப் போடுவது லோர்னாவின் பிழைப்பு. பனி சரிந்து ஆள் புதைந்தால், அடுப்பை அணைத்துவிட்டு மண்வெட்டியோடு ஓடுவது அவளுடைய சம்பளமில்லாத வேலை. அவள் தோண்டியெடுத்தவர்களில் உயிரோடு வந்தவர்கள் சொற்பம். அதனாலேயே பனிச்சறுக்குச் சூரர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அவர்களில் ஒருவன் கூடப்பிறந்த தம்பி டெரெக்.

அந்த வருடம் முதலில் விழுந்த கொஞ்சப் பனி கடுங்குளிரில் கிடந்து சர்க்கரையாக உதிர்ந்திருந்தது. ஒட்டாத அந்தப் பொடியின்மேல், எப்போது வேண்டுமானாலும் வழுக்கிவிடும்படி, ஆளுயரத்துக்குப் புதுப்பனி ஏறிவிட்டது. எச்சரிக்கைப் பலகையில் வாரக்கணக்கில் ஒரே வாசகம்: பனிச்சரிவு அபாயம்.

"தினம் இதே பல்லவிதானா?" என்றான் டெரெக் அன்று காலை, வாய் நிறைய ரொட்டியோடு. "அந்தச் சரிவுல எத்தனை பேர் இறங்கியாச்சு. தடம் தடமா கெடக்கு, ஒண்ணும் ஆகலையே."

"முன்னாடி போனவன் தப்பிச்சான்னா உனக்குப் பட்டா எழுதிக் குடுத்தானாடா? அடியில சர்க்கரை அப்படியேதான் கெடக்கு."

"நீ முட்டையப் பாரு அக்கா."

மத்தியானம் கூட்டாளிகளோடு பீர் நாற்றமடிக்கத் திரும்பினான்.

"நாங்க சரிவைத் தொடவே இல்ல அக்கா! மேல, தட்டையான முகட்டுலதான் நின்னோம். எங்க பாரத்துல காலடிப் பனி டொம்முனு ஒரு சத்தம் போட்டு இறங்குச்சு. அந்தப் பக்கம் மலையே கழண்டு போச்சு! பாரு."

போனை நீட்டினான். வீடியோவில் சரிவு விரிசல் விட்டுச் சரிந்தது. பையன்கள் விசிலடித்துக் கூச்சலிட்டார்கள். கீழே ஏறுபாதையில் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி அது இல்லை.

லோர்னா புள்ளி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது யாருடா?"

டெரெக்கின் முகம் வெளுத்தது. "கவனிக்கவே இல்லையே..."

லோர்னா மண்வெட்டியோடும் ஆட்களோடும் ஓட, டெரெக்கும் பின்னாலேயே மலையேறினான். புதைந்துபோனது ஓவன், ஆணிக்கடைக்காரன். புதைந்த ஆளை மற்றவர்கள் தேடிப் பிடிப்பதற்கென்று அவன் இடுப்பில் கட்டியிருந்த கருவி விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை. ஒரு முழ ஆழத்தில்தான் கிடந்தான், விறைத்துப்போய். பையன்கள் உடனே இறங்கியிருந்தால் கையாலேயே தோண்டியிருக்கலாம்.

டெரெக் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அக்கா, அந்த வீடியோவ அழிச்சிடட்டுமா?"

இவனோடு ஒரே வயிற்றில் பிறந்ததே லோர்னாவுக்கு அருவருப்பாக இருந்தது.

"அழிச்சே, கையை ஒடிச்சிடுவேன். கீழ ஓவன் பொண்டாட்டி நிக்கிறா. அவ முன்னாடி போய் நீயே சொல்லு, உன் புருஷன் புதையுறப்ப நாங்க விசிலடிச்சோம், அப்புறம் பீர் குடிக்கப் போயிட்டோம்னு."