மேசையைத் தொடாதீர்கள்

வெள்ளவத்தை நூலகத்தின் பின்னறையில் எங்களுக்கு ஒரு நீள மேசை இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது. அதை ஒழித்துக்கட்டத்தான் பார்த்தார்கள்.

மேசையைச் சுற்றி மூன்று பேர். தமிழ்ப் புத்தகங்களுக்கு நான். சிங்களத்துக்கு, நாங்கள் நங்கி என்று கூப்பிடும் இளையவள். ஆங்கிலத்துக்கு, எங்கள் இருவருக்கும் மூத்தவரான நானா. வெளிநாடு போகிறவர்கள் ஃபிளாட்டைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைத் தந்துவிட்டுப் போவார்கள். எல்லா மொழியும் கலந்து கிடக்கும். ஒரு புத்தகத்தை எந்த இறாக்கையில் அடுக்குவது என்று முடிவெடுக்கும் முன் அது எங்கள் மூவர் கைக்கும் போய்வரும். சத்தம் வரும், சிரிப்பும் வரும். வேலை அப்படித்தான் நடந்தது.

புதிதாக வந்த பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன மிஸ், மீன் சந்தை மாதிரி?" என்றார். மேசை ஸ்டோருக்குப் போனது. ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, சுவரைப் பார்த்தபடி ஆளுக்கொரு கதிரை. அங்கே உட்கார்ந்து வேலை செய்கிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு மீன்களைப் பற்றிய ஒரு புத்தகம் மூன்று மொழிகளிலும் வந்தது. தடுப்புக்குள் இருந்ததால் ஒருவர் பிரதியை மற்றவர் பார்க்கவில்லை. பின்பாதி முழுக்கக் கறி வகைகள் இருந்ததால் தமிழ்ப் பிரதியை நான் சமையலில் வைத்தேன். நங்கி அவளுடையதை விலங்குகளில் வைத்தாள். நானா வியாபாரத்தில் வைத்தார். பேலியகொடையில் மீன் விற்கும் வாசகர் ஒருவர் தமிழ்ப் பிரதியைத் திருப்பித் தந்து, "என்ர பார்ட்னருக்கு இதே புத்தகம் சிங்களத்தில வேணும்" என்றார். தேடித் தேடிக் களைத்துப் போனோம். கடைசியில் நானாதான் அதை விலங்குகள் இறாக்கையில் கண்டுபிடித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்பத்தான் புள்ள சரியான மீன் சந்தை!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை மூவருமாக மேசையை ஸ்டோரிலிருந்து இழுத்து வந்தோம். அறைக்குள் தடுப்புகள் நின்றதால் நடைபாதையில் போட்டு, அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தோம். பொறுப்பாளர் தன் அறைக்குப் போக வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. நுழையட்டும்.

இரண்டொரு நாளில் என்னைக் கூப்பிட்டார்.

"கொட்டாஞ்சேனை நூலகத்துக்கு மாற்றம் கேட்டனீங்கள்தானே? இந்தக் கிழமையே போட்டுத் தாறன். மேசையை மட்டும் விடுங்கோ."

என் வீடு கொட்டாஞ்சேனையில். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள் நான். அந்த மாற்றத்துக்காக மாதாவுக்கு எத்தனை மெழுகுதிரி கொளுத்தியிருப்பேன்! பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

"அங்க பின்னறை எப்பிடி சேர்?"

"அங்கயும் இதே தடுப்புத்தான் போடப் போறம்."

"அப்ப எனக்கு வேண்டாம். இங்க தடுப்பைக் கழட்டுங்கோ. இல்லாட்டி மேசை வழியிலதான் கிடக்கும். ஏனெண்டு கேக்கிற ஆக்களுக்கெல்லாம் நான் சொல்லுவன்."

அவர் முகம் கறுத்துப் போனது. ஆனால் தடுப்புகள் கழன்றன.

இன்று காலையும் காலி வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வந்தேன். கால் கடுத்தது. பின்னறைக்குள் நுழைந்ததும் நங்கி என் கதிரையை இழுத்துவிட்டு, "அக்கே, மேக்க பலன்ன" என்று, இதைப் பாருங்கள் என்பதாக ஒரு புத்தகத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு நானாவிடம் கொடுத்தேன். மேசை அறைக்கு நடுவில் கிடக்கிறது. யாராவது வந்து தொட்டுப் பார்க்கட்டும்.