நான் நீதிபதியாக இருந்த மத்தியானம்

மேன்முறையீட்டு விசாரணைக்கு முதல் நாள் எங்கள் சட்டத்தரணி மிஸ் என்னைத் தன் கதிரையில் இருத்தி, "இப்ப நீங்கள்தான் ஜட்ஜ், ராசண்ணை" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணத்தில் அவருடைய கந்தோரைத் திறந்து, கூட்டி, சட்டப் புத்தகங்களை நீதிமன்றத்துக்குத் தூக்கிப் போவது என் வேலை. பெண்களுக்கு முன்னால் எனக்கு வாய் திறவாது. அன்று எதிரே இரண்டு பெண்கள். ஒருவர் மிஸ். மற்றவர் வதனி.

வதனி ஒரு தையல் கடையில் வேலை செய்தவர். அளவெடுக்கப் பழக்குகிறேன் என்று முதலாளி நாடாவோடு வந்து அவரைத் தொடக்கூடாத இடங்களில் தொட்டிருக்கிறான். முன்பு அங்கே வேலை செய்த இரண்டு பெண்களும் தங்களுக்கும் அப்படியே நடந்ததென்று சாட்சி சொல்ல, நீதவான் அவனுக்குத் தண்டனை கொடுத்தார். அந்த இருவரின் சாட்சியத்தை எடுத்தது பிழை என்பதுதான் அவனுடைய மேன்முறையீடு. அந்தச் சாட்சியம் செல்லாதென்றால் அவன் தப்பிவிடுவான். பிறகு ஊர் வதனியைத்தான் பொய்க்காரி என்று சொல்லும்.

மிஸ் எழுந்து நின்று வாதாடினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது கேளுங்கோவன்!"

"தேத்தண்ணி போடட்டோ, மிஸ்?"

"ஜட்ஜ் தேத்தண்ணி போடுறேல்லை. வழக்கைப் பற்றிக் கேளுங்கோ."

மேசையைப் பார்த்தபடியே கேட்டேன்: "ஒருக்கால் செய்தவன் திருப்பியும் செய்வான்தானே?"

"ஐயோ, அதைத்தான் நாங்கள் சொல்லக் கூடாது! முந்திக் கெட்டவன், அதாலை இப்பவும் செய்திருப்பான் எண்டால் வழக்குப் போச்சு. மூண்டு பேரிட்டையும் ஒரே விதமாய் நடந்திருக்கிறான். மற்ற ஆக்களை வெளியிலை அனுப்பிறது, ரேடியோவைச் சத்தமாய்ப் போடுறது, நாடாவை எடுக்கிறது. அந்த ஒற்றுமைதான் எங்கடை வாதம்."

"அப்ப சரி, மிஸ். நீங்கள் வெண்டிட்டியள்."

வதனி சிரித்துவிட்டார். அவர் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை.

"உப்பிடி ஒரு ஜட்ஜ் எங்கை கிடைக்கப் போறார்! எழும்புங்கோ அண்ணை, நான் இருக்கிறன்."

நான் துள்ளி எழும்பினேன். வதனி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். குரலே மாறிவிட்டது.

"சட்டத்தரணி அம்மா, இந்த மூண்டு பொம்பிளையளும் கூடிக் கதைச்சு ஒரே கதையைக் கட்டேல்லை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

மிஸ் வாதத்தை நிறுத்திவிட்டு வதனியையே கேட்டார்: "நீங்கள் கதைச்சனீங்களோ?"

"அவையின்ரை முகத்தையே கோர்ட் விறாந்தையிலைதான் கண்டனான். அவை ரண்டு பேரும் வேறை வேறை வருசம் நிண்டவை. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது."

மிஸ் கையைத் தட்டினார். "ஓம்! குறுக்கு விசாரணையிலை அவன்ரை லோயரே கேட்டு வாங்கின பதில் அது!"

மறுநாள் உண்மையான நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். மிஸ் மூச்சு விடாமல் பதில் சொன்னார். பின்வரிசை வாங்கில் இருந்த வதனி என் பக்கம் சரிந்து, "என்ரை கேள்வி" என்றார்.

சில வாரங்களுக்குப் பின் தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு தள்ளுபடி. தண்டனை அப்படியே நின்றது. வெளியே வந்ததும் வதனி சொன்னார்: "அண்ணை, நீங்கள் எழும்பினபடியாலைதான் வெண்டனாங்கள்."

கந்தோர் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாத வேலையில் உங்களை இருத்திவிட்டால் பயப்பட வேண்டாம். பட்டறிந்தவர் வந்து கேட்டால் கதிரையை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, எழும்பியதற்குத்தான்.