கரியில் இருந்த இலை

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. அக்காவின் மகன் பாரீசிலிருந்து அழைத்தான். அக்கா ஞாயிறன்று இறந்தாள். வெள்ளிக்கிழமை தகனம். அதற்குள் எனக்கு விசா கிடைக்காது.

பல ஆண்டுகளுக்கு முன், எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. காரைக்கால் ரயிலடியில் இன்ஜினுக்காகக் கொட்டியிருந்த நிலக்கரியில் அவள் ஒரு துண்டைக் கண்டெடுத்தாள். அதில் ஒரு பெரணி இலை நரம்பு பிசகாமல் படிந்திருந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், வித்துப் பைகளின் புள்ளி வரிசைகூடத் தெரிந்தது.

"இது மொளைச்ச காலத்துல உலகத்துல ஒரு பூகூடக் கெடையாதுடா."

"அப்ப மாதாவுக்கு மாலை?"

"மாதாவே இன்னும் வரல, மக்கு."

பள்ளி இறுதியோடு அவள் படிப்பை நிறுத்த அப்பா முடிவு செய்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள மாப்பிள்ளை ஒருவரைக் கோட்டுச்சேரியில் பார்த்தாகிவிட்டது. கரியை நேரில் கண்டபின், அவளை மேலே படிக்கவைக்கும்படி அப்பாவிடம் பேசுவதாகத் தாவரவியல் ஆசிரியை சொல்லியிருந்தார். வியாழனன்று கொண்டுபோவதற்காக, அக்கா அதைப் போன ஆண்டுக் குருத்து ஞாயிறன்று கொடுத்த பழைய குருத்தோலையில் சுற்றி, சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபச் சிலுவையின் பின்னே வைத்தாள்.

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகப் பழைய ஓலைகளைக் கோவிலில் எரிப்பார்கள். செவ்வாயன்று அம்மா வீட்டு ஓலைகளை, சுரூபத்தின் பின்னிருந்ததையும் சேர்த்து, என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

"மந்திரிச்ச ஓலைடா. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காத."

சுற்றியிருந்த ஓலையைப் பிரித்தேன். அக்காவின் கரியைக் கண்டதும், மந்திரித்த ஓலைக்குள் இருந்ததால் அதையும் எரிக்கத்தான் வேண்டும் என்று எண்ணினேன். கோவில் உபதேசியார் மூட்டிய தீயில் நானே போட்டேன். மற்றவை அணைந்த பிறகும் அது நெடுநேரம் கனன்றது.

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பிய அக்கா, சுரூபத்தின் பின்னே கைவிட்டுத் துழாவினாள். நான் பெருமையாகச் சொன்னேன். என் நெற்றிச் சாம்பலைப் பார்த்தாள்.

"போடா, ஒரு எலதான," என்றாள். அப்பாவிடம், தானே தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

நான் தாவரவியல் படித்தேன். பெரணியிலிருந்து பூ வரையிலான பரிணாமத்தைப் பணி ஓய்வு வரை கல்லூரியில் நடத்தினேன். "பெரணிப் பாடம் ஆயிற்றா?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். அந்தக் கரியைப் பற்றி அதற்கு மேல் எதுவும் எழுதியதில்லை.

அந்தச் சாம்பல் புதன், ஒரு வேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நாள். எல்லோரும் உணவருந்திய அந்த ஒரு வேளையிலும் அக்கா தட்டைத் தொடவில்லை. அவளுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்யாமல் விட்டவை:

அவளுடைய கடைசிக் கடிதத்துக்குப் பதில்.

அவள் கேட்டிருந்த பெரணி இலை. உலர்த்தி உறையில் இட்டது, அஞ்சலில் சேர்க்கவில்லை.

அந்த இலையை எரித்தது நான் என்று அக்காவின் மகனிடம் சொல்லவேண்டியது.

என் வீட்டுப் பழைய குருத்தோலை. இந்த ஆண்டுச் சாம்பல் புதனுக்காகக் கோவிலிலிருந்து ஆள் வந்து கேட்டார். கொடுக்கவில்லை.