தரப் பரிசோதகர் சரணம் வரை போனது

மாதனூரிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் ஜெயப்பிரகாஷ் பாடுவார். நன்றாகவே பாடுவார். ஆனால் அவர் ஒரு பாட்டை முழுதாகப் பாடி அந்த பஸ்ஸில் யாரும் கேட்டதில்லை. அனுபல்லவியில் எங்கோ ஓர் இடத்தில் முகத்தைச் சுளிப்பார், "இரு இரு" என்பார், மறுபடி பல்லவியிலிருந்து தொடங்குவார். அதற்குள் கம்பெனி வாசல் வந்துவிடும்.

அவர் வேலை அப்படி. தைத்து வரும் ஷூவை டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தையல் விட்டிருந்தாலோ தோலில் சுருக்கம் விழுந்திருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். ஐரோப்பாவில் யாரோ சேற்றில் மிதிக்கப்போகும் ஷூதான். ஆனாலும் ஆம்பூரைவிட்டுக் கிளம்பும்போது அதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. பல வருஷம் இப்படிப் பார்த்த கண், காதுக்கும் அதே பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நாற்பதை நெருங்கும்போது வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இசை டிப்ளமோ சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. என்ஜினீயர்களைத் தயாரிப்பதற்கென்றே கட்டிய அந்த வளாகத்தில் இசைத்துறைக்குக் கிடைத்தது ஜெனரேட்டர் அறைக்கு மேல் மாடி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஒரு சுருதியில் பாடும், மாணவர்கள் இன்னொன்றில் பாடுவார்கள். மற்றவர்கள் நொந்துகொண்டார்கள். மெஷின் சத்தத்திலேயே குரல் வளர்த்த ஜெயப்பிரகாஷ் அப்போதுதான் தெம்பாகப் பாடினார்.

படிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. நாட்றம்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடம் அவரைப் பாட்டு வாத்தியாராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. டிப்ளமோ மட்டும் வேண்டும். சம்பளம் கம்பெனியைவிடக் குறைவு. குறைந்த சம்பளத்துக்குப் போக ஃபீஸ் கட்டிப் படிக்கிறாரே என்று ஊர் வியந்தது. அவர் மனைவி ஹேமலதா வியக்கவில்லை.

"கம்பெனில ஷூவ ரிஜெக்ட் பண்றாரு, வீட்டுக்கு வந்து சாம்பார ரிஜெக்ட் பண்றாரு. புள்ளைங்களோட இருந்தாலாவது மனுசன் கொஞ்சம் மாறுவாரு, போவட்டும்."

பாடிக் காட்ட வேண்டிய தேர்வு நாள் வந்தது. கல்யாணி ராகத்தில் ஒரு பாட்டைத் தொடங்கினார். காந்தார ஸ்வரம் ஓர் இழை இறங்கியது. நிறுத்தினார். மறுபடி பல்லவி. மறுபடி நிறுத்தினார். சரணத்தின் பக்கமே போகாமல் நேரம் முடிந்தது. ஃபெயில். மறுதேர்வு மே மாதம். ஜூனுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது.

விஷயம் பஸ்ஸுக்கும் வந்து சேர்ந்தது. தையல் லைனில் வேலை செய்யும் மஹ்பூபி முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"இன்னாண்ணா, பாட்டுலகூடவா அரியர் வெப்பாங்க?"

"காந்தாரம் எறங்கிடுச்சிம்மா. அத அப்டியே உட்டுட்டு எப்டி மேல போறது?"

"எங்க லைன்ல தப்பே வர்றதில்லியா? அதுக்குன்னு லைன நிறுத்திட்டு அழுதுனா இருக்கோம்? அடுத்தத தெச்சினே போறோம். தப்பு கண்டுபுடிக்கத்தான் கடைசில உங்கள மாதிரி ஒரு பேஜார் புடிச்ச ஆளு சம்பளம் வாங்கினு உக்காந்திருக்காரே!"

பஸ் சிரித்தது. ஜெயப்பிரகாஷ் சிரிக்காமல் யோசித்தார்.

"அப்ப பரீட்சைல நான் யாரு? தெக்கிறவனா, பாக்கறவனா?"

"தெக்கிறவரு. பாக்கறதுக்குத்தான் வேற ஆளு வர்றாங்க இல்ல? அவுங்க பொழப்பையும் நீங்களே பாத்தா எப்டி?"

மறுதேர்வு அன்று, அவரைவிடப் பத்து வயது சின்னவரான விரிவுரையாளர் நவநீதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சார், கால்ல விழறேன். இடியே விழுந்தாலும் நடுவுல நிறுத்தாதீங்க."

அதே கல்யாணி. அதே காந்தாரம், அதே இடத்தில் இறங்கியது. ஜெயப்பிரகாஷின் முகம் சுளித்தது. நவநீதன் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை. அனுபல்லவி தாண்டி, சரணத்தில் ஏறி, பல்லவிக்குத் திரும்பி ஒழுங்காக முடிந்தது. வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மாள் தலையை ஆட்டினார், பேனாவை மூடினார், மரியாதைக்காகக் கேட்டார்.

"நல்லா இருந்துது. ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

இந்தக் கேள்விக்கு இசை மாணவர்கள் நன்றி சொல்வார்கள். ஆனால் ஷூ கம்பெனியில் இதே கேள்வியைக் கேட்பவர், சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். அவரிடம் தெரிந்த குறையை மறைத்தால் பின்னால் சரக்கு மொத்தமும் திரும்பி வரும். ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பல்லவில ரெண்டாவது தபா காந்தாரம் எறங்கிடுச்சி மேடம். அனுபல்லவி எடுக்கறப்ப தாளம் கொஞ்சம் ஓடிடுச்சி. சரணத்துல மூச்சு எடுத்தேன் இல்ல, அது வார்த்தைக்கு நடுவுல. கடைசி சங்கதி..."

அம்மாள் பேனாவை மறுபடி திறந்தார். நவநீதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து, பாரம் இறங்கியவராக ஜெயப்பிரகாஷ் வணக்கம் வைத்தார்.

ஜூன் பிறப்பதற்குள் முடிவு வந்தது. தேறிவிட்டார். தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மார்க் கூட. அன்று மாலையே நவநீதனுக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துகள் சார்!"

"இருக்கட்டும் சார். ரெண்டு மார்க் ஜாஸ்தி போட்டாப்ல தெரியுது. மறுமதிப்பீடு கேக்கலாமா?"

மார்க்கைக் குறைக்கச் சொல்லி மறுமதிப்பீடு கேட்கும் மாணவருக்கு என்ன பதில் சொல்வது என்று நவநீதனுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"சார், போன வைங்க," என்றார் கடைசியில். "போய் மொதல்ல வேலைல சேருங்க."

திங்கட்கிழமை நாட்றம்பள்ளியில் சேர்ந்தார். அந்த இரண்டு மார்க்கைப் பற்றி இன்னும் சமாதானம் ஆகவில்லை.