பயோ டீச்சர் வருவதற்குள்

இன்று ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாணவியின் மடியில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் வகுப்பில் படிக்கும் உயர்தர (ஏ.எல்.) உயிரியல் புத்தகம்.

"இந்த வருசம் ஏ.எல். எழுதப் போறியாம்மா?"

"இல்லக்கா, ஒம்பதாம் வகுப்பு படிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முந்தைய ஓ.எல். பரீட்சைகூட இன்னும் எழுதாத பிள்ளை!

"இப்பவே என்ன அவசரம்?"

"எங்க ஸ்கூல்ல பயோவுக்கு டீச்சர் இல்லக்கா. தனியாப் படிச்சா ரொம்ப நாளாகும்ல? அதான் இப்பவே தொடங்கிட்டேன்."

எந்த ஸ்கூல் என்று கேட்டேன். நான் படித்த அதே ஸ்கூல்!

"அடுத்த தவணை ஸ்கூல் தொறக்கும்போது டீச்சர் வந்துருவாங்கன்னு எங்க ஸ்கூல் அதிபர் சொல்றாரு," என்றாள்.

எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். நம்பிக் காத்திருந்து, கடைசியில் கலைப்பிரிவில் போய்ச் சேர்ந்தவள் நான்.

அந்த டீச்சரை வழியில் யாராவது பார்த்தீர்களா மக்களே? புறப்பட்டு ரொம்ப வருடமாகிறது.