என் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். எடுத்துப் பார்த்த துணியை மடித்து வைப்பவர் யார், மடிக்கிற சாக்கில் பைக்குள் தள்ளுகிறவர் யார் என்று பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டுக்குக் காவல் நான்தான்.

எங்கள் வீதி, டவுனை ஒட்டிய தேயிலை மலையைத் துண்டு துண்டாக விற்று உண்டானது. நாங்கள் வந்தபோது ஏழெட்டு வீடுகள். இப்போது எத்தனை என்று எனக்கே தெரியாது. வீடுகள் கூடிய வேகத்தில் பொலிஸ் கூடவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினால், ஜீப் வெளியே போயிருக்கிறது என்பார்கள். உண்மையிலேயே போயிருக்குமா என்பது வேறு கதை. அங்கே தமிழ் பேசுகிற பொலிஸ்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சாப்பிடப் போனால் தமிழும் கூடவே சாப்பிடப் போய்விடும்.

அந்தச் சமயத்தில் வீதியில் களவு தொடங்கியது. ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார், இன்னொரு வீட்டில் இரண்டு கோழி, அடுத்து ஒரு கேஸ் சிலிண்டர். பொலிஸை நம்பிப் பயனில்லை என்று நாங்களே ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து, போனில் ஒரு வட்ஸ்அப் குரூப்பும் திறந்தோம். புது முகம் தெரிந்தால் உடனே அதில் போட வேண்டும். ஒருவரை மட்டும் குரூப்பில் சேர்க்கவில்லை. எனக்கு நேர் கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்த தம்பி. முப்பது வயதிருக்கும். கொழும்பில் ஹோட்டல் வேலை செய்துவிட்டு வந்தவர், பகல் முழுக்க வீட்டில் இருப்பார். ஆள் யாரென்று தெரியாமல் எப்படிச் சேர்ப்பது என்று முதலில் கேட்டது நான்தான்.

ஒருநாள் அவர் என் வீட்டுப் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். குழாயைப் பார்க்கிறவர் ஏன் என் குசினிக் கதவைப் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரம் கடை முடிந்து வந்தால் குசினியில் சிலிண்டர் இல்லை. தகரக் கதவின் கொளுக்கி கழன்று கிடந்தது. பையைக்கூட வைக்காமல் மேல் ரோட்டுக்கு ஏறி, ஓட்டோ பிடித்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். நல்லவேளை, தமிழ்க்காரர் இருந்தார்.

"யார் மேல சந்தேகம்?" என்றார்.

பெயர் சொல்லாவிட்டால் முறைப்பாட்டை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் வீதியில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நான் யோசிக்கவே இல்லை. கீழ் வீட்டுத் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். துணி விற்கிற அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும், வாசிக்க வராது.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும், அந்தத் தம்பி என் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. கீழ் லயத்துல பெரியவர் ஒருத்தர் தவறிட்டாரு. வர்றவங்களுக்குத் தேத்தண்ணி போட கேஸ் பத்தல. நீங்க கடைக்குப் போயிட்டீங்க. சாவு வீட்டுக்குத்தானேன்னு தூக்கிட்டுப் போயிட்டேன்."

நானும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான். அங்கே ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் எல்லாம் பார்ப்பார்கள். பானை, பாய், உட்கார வாங்கு, விறகு, எது யார் வீட்டில் இருக்கிறதோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஆள் இருந்தால் சொல்வார்கள், இல்லாவிட்டால் எடுப்பார்கள். சாவு வீட்டுக்கென்று வந்து அனுமதி கேட்டு நின்றால்தான் தப்பாக நினைப்பார்கள். என் அப்பா இறந்தபோது எங்கள் வாசலில் சேர்ந்த பொருட்களை உரிய வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்க எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. இதெல்லாம் தெரிந்த நான், பையைக்கூட வைக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறேன்.

"பரவாயில்ல தம்பி," என்றேன். முறைப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாளே போய் அதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். லயத்து வழக்கத்தையே மறந்துபோனவள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமே என்று கூசி இழுத்தடித்தேன். பத்து நாள் போனது. அதற்குள் அவர் என்னை மறித்துச் சந்தோஷமாகச் சொன்னார்: கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை சரியாகிவிட்டதாம். பெயரில் முறைப்பாடு எதுவும் இல்லை என்று பொலிஸ் தருகிற ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி, மாத முடிவுக்குள் கொடுத்தால் போதுமாம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டேஷனில் அவர் பெயர் கிடக்கிறது, அதை எழுத வைத்தவள் நான்.

காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, அந்த ரிப்போர்ட் விஷயமாக அங்கிருந்தே போன் வந்தது. இரண்டு பேரும் வர வேண்டும். நான் போனபோது அவர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்களா அக்கா முறைப்பாடு குடுத்தது?"

"ஆமா தம்பி. சிலிண்டர் வர்றதுக்கு முந்தி குடுத்தது. அத எடுத்துடத்தான் வந்திருக்கேன்."

உள்ளே சார்ஜன்ட் ஒருவர் மட்டும்தான் இருந்தார். தமிழ்க்காரர் சிவனொளிபாதமலை யாத்திரைக் கடமைக்குப் போய்விட்டார், சீசன் முடிந்துதான் வருவார். அதுவரை காத்திருந்தால் கட்டார் வேலை போய்விடும். சார்ஜன்ட் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தத் தம்பியைக் காட்டி, இவருக்குச் சிங்களம் நன்றாக வருகிறதே, இவரே சொல்லட்டும் என்றார்.

ஆக, நான் யார் மேல் குற்றம் சொன்னேனோ அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

சாவு வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் சொன்னார், சார்ஜன்ட் எழுதினார். அப்படியென்றால் முதலில் இவர் பெயரை ஏன் சொன்னீர்கள் என்று கேள்வி வந்தது. பொய் சொன்னால் அதில் ஏதாவது சிக்கல் வரும், உண்மையைச் சொல்வதுதான் புத்தி என்று பட்டது.

"வேலை வெட்டி இல்லாம வீட்டுல இருக்கிற ஆளு, எங்கிருந்து வந்தாருன்னு தெரியாது. அதனால நம்பிக்கை இல்ல. அதான் சொன்னேன்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் பேசினார். சார்ஜன்ட் ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் பழைய புத்தி எழுந்துகொண்டது. எதற்குச் சிரிக்கிறார்கள்? தன் பெயரைக் காப்பாற்ற என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரோ? நாளைக்கு இதைக் காட்டி என்மேல் வழக்கு வருமோ?

"நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கு அக்கா. கையெழுத்துப் போடுங்க," என்றார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "எனக்கு ஒரு பிரதி வேணும்னு சேர்கிட்ட கேளுங்க தம்பி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பி, அதையும் சிங்களத்தில் கேட்டார். சார்ஜன்ட் போட்டோ கொப்பி எடுத்துத் தந்தார்.

கடையில் கூட வேலை செய்யும் சிங்கள அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் வரிவரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. நான் சொன்ன எல்லாம் அப்படியே இருந்தது. வேலை வெட்டி இல்லாத ஆள், நம்பிக்கை இல்லை, அதுவும் இருந்தது. தன்னைப் பற்றிய ஒரு சொல்லைக்கூட அவர் குறைக்கவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

ரிப்போர்ட் சரியான நேரத்துக்குக் கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில் அவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"போயிட்டு வர்றேன் அக்கா," என்றவர் கொஞ்சம் நின்றார். "அந்தப் பிரதிய வாசிச்சுப் பாத்தீங்களா?"

"கடையில ஒருத்தங்ககிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு தம்பி."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல் ரோட்டுக்குப் படியேறினார்.