வெள்ளச்சி குடிவந்த வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். ஒரு விஷயத்தைக் கோயிலில் கற்றுக்கொண்டேன் என்றால் நாலு பேர் கேட்பார்கள். பூனையிடம் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பார்கள். நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. ஆனாலும் கடவுள் யாரை அனுப்பிச் சொல்லிக்கொடுப்பார் என்பது நம் கையில் இல்லையே என்று துணிந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, நோணாங்குப்பத்தில் அம்மா பிறந்த வீட்டை விட்டு முதலியார்பேட்டைக்குக் குடிவந்தோம். அப்பாவுக்கு அங்கே மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து ஆற்றுப்பாலம் தாண்டி சைக்கிள் மிதிக்க அவரால் முடியவில்லை. அம்மாவோ அதுவரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பொழுதும் தங்காதவள்.

எங்கள் பூனை வெள்ளச்சியையும் கொண்டுவந்தோம். வழியைப் பார்த்துவிட்டால் பூனை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்று அதைச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். புது வீட்டுக்குள் முதலில் சாமி படமும் உப்பும் போக வேண்டும், பிறகுதான் பால் காய்ச்சுவது. அம்மா படத்தோடும் நான் உப்புச் சட்டியோடும் வாசலில் நின்றபோது சாக்கின் கட்டு அவிழ்ந்தது. வெள்ளச்சி எங்கள் காலுக்கிடையில் பாய்ந்து உள்ளே ஓடிவிட்டது.

"உப்பு போறதுக்கு முன்ன பூனை போயிடுச்சே. இன்னா குடித்தனமோ" என்றார் வீட்டின் முன்பகுதியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா.

அதன்பிறகு அப்பாவின் சைக்கிள் பஞ்சரானதும் பூனையால்தான், எனக்குச் சளி பிடித்ததும் பூனையால்தான். "வெள்ளிக்கிழம உன் தம்பி வரட்டும், அவங்கிட்ட குடுத்தனுப்பிடு" என்று அப்பா அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளச்சி போய்விட்டால் அம்மா அப்பாவைத் தவிர இங்கே எனக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வேளையும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, வெள்ளிக்கிழமை வராமலிருக்க வேண்டும் என்று வேண்டினேன்.

வெள்ளச்சி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான குழாயில் பெண்கள் பேசுவது கேட்கும்.

"புதுசா வந்தது வாயே தொறக்காதா?"

"அதுக்குப் பதிலா மீன் வாசம் பேசுதே."

ஒரே சிரிப்பு. அம்மா காலிக் குடத்தோடு கதவுக்குப் பின்னால் நிற்பாள். எல்லோரும் போன பிறகு, நூலாக வடியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

வெள்ளச்சி ஒரேயடியாக வெளியே வரவில்லை. முதலில் டிரம்மைக் கன்னத்தால் உரசியது. மறுநாள் அம்மிக்கல். பிறகு அடுப்படிச் சுவர். எங்காவது பாத்திரம் உருண்டால் பழையபடி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து திரும்ப உரசும். நானும் அதன் பின்னாலேயே போய், அது உரசியதையெல்லாம் கையால் தொட்டேன். தொட்ட சுவரைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை அது வாசற்படியில் நின்று முகர்ந்தது. வயிறு தரையில் பட, வாலை ஒடுக்கிக்கொண்டு, நேராகக் குழாயடிக்குப் போனது. தொலைந்துவிடப் போகிறதே என்று நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அது ஒரு பருத்த அம்மாவின் குடத்தைக் கன்னத்தால் உரசிக்கொண்டிருந்தது.

"யார் வீட்டுப் பூனைடி இது?"

"எங்க வீட்டுது. வெள்ளச்சி."

"பூனையே வந்துடுச்சி, உங்கம்மா வரமாட்டாங்களா?"

"நீங்க மீன் வாசம்னு சொன்னீங்கல்ல, அதான் வரல."

அந்த அம்மா தன் குடத்தை நகர்த்தி வைத்தார். "கூப்புடு அவங்கள. இப்ப அவங்க புடிக்கட்டும்."

அம்மா தலைகுனிந்தபடி வந்து குடத்தை வைத்தாள். "இன்னிக்கி வெள்ளிக்கிழம, நாங்க கவுச்சி தொட மாட்டோம்" என்றார் அந்தப் பருத்த அம்மா. "நாளைக்கி கொழம்பு வச்சின்னா ஒரு கிண்ணம் குடுத்தனுப்பு. வாசத்த மட்டும் அனுப்பிட்டு ஏமாத்தாத."

குடிவந்த பிறகு அம்மா அப்போதுதான் சிரித்தாள்.

மத்தியானம் மாமா சாக்கோடு வந்தார். "பூன இங்கியே இருக்கட்டும் தம்பி. பழகிடுச்சி" என்றாள் அம்மா.

"அப்ப நீ?" என்று கேட்டார் மாமா.

அம்மா மூலையிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, தன் இரண்டு புடவையையும் என் பாவாடையையும் எடுத்துக் கொடியில் போட்டாள். மாமா காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அப்பா பூனையைப் பார்த்து முறைத்தார். "அது போவாது" என்றாள் அம்மா. அவர் கை கழுவப் போனார்.

பூனை தங்கிவிட்ட சந்தோஷத்தில், அந்தப் பையை அம்மா எப்போது கட்டினாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கல்யாணமாகிப் போன இடத்தில், நானும் ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கத் தைரியமில்லாமல் நின்றேன். மாமாவோடு அன்று புறப்பட இருந்தது பூனை மட்டுமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

புது இடத்துக்குப் போகிறவர்கள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது வெள்ளச்சியைத் தெய்வப் பூனையாகவோ தைரியமான பூனையாகவோ மாற்றிவிடாதீர்கள். அது பயந்துகொண்டேதான் போனது. அதை அப்படியே சொல்லுங்கள்.